ஊழியரின் மனநலம்: நிறுவனத்தின் கடமை எதுவரை?

தொழிற்சாலையில் சுழலும் இயந்திரத்துக்குத் தடுப்பு வேலி போடாததால் ஒரு தொழிலாளியின் கை சிதைந்தால், வேலி ஏன் இல்லை என்பதே சட்டம் கேட்கும் முதல் கேள்வி. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் உட்பட உலகின் பெரும்பாலான தொழிற்சட்டங்கள் இந்த நிலைக்கு வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் நள்ளிரவு தாண்டியும் வேலை பார்த்த ஊழியர் ஒருவர் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, இறுதியில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானால், முதலில் எழும் கேள்வி வேறாக இருக்கிறது: அவர் இயல்பிலேயே பலவீனமானவரா, வீட்டில் ஏதேனும் பிரச்சினையா, இதே வேலையைச் செய்யும் மற்றவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று விசாரணை ஊழியரை நோக்கியே திரும்புகிறது. உடல் காயத்தில் இயந்திரத்தையும் மனக் காயத்தில் மனிதரையும் சோதிக்கும் இந்த வழக்கத்தை நீதிமன்றங்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகத்தான், அதுவும் சில நாடுகளில் மட்டும், படிப்படியாக மாற்றி வருகின்றன.

இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காணக்கூடிய நாடு ஜப்பான். மிகையான வேலையால் நேரும் மரணத்தைக் குறிக்க அங்கே ‘கரோஷி’ என்ற தனிச்சொல் 1970களின் இறுதியில் மருத்துவர்களிடையே உருவாகி, 1982இல் மூன்று மருத்துவர்கள் அத்தலைப்பிலேயே வெளியிட்ட நூலுக்குப் பின் பொதுவழக்கில் நிலைபெற்றது. தொடக்கத்தில் அச்சொல் மூளை ரத்தக்கசிவு, மாரடைப்பு போன்ற உடல் சார்ந்த மரணங்களையே குறித்தது. வேலைச்சுமையால் மனநோய்க்கு ஆளாகித் தற்கொலை செய்துகொள்வதைக் குறிக்கும் ‘கரோஜிசாட்சு’ என்ற சொல் பின்னர் அதனுடன் சேர்ந்தது. 1988இல் வழக்கறிஞர்கள் சிலர் கூடி இறந்தவர்களின் குடும்பத்தாருக்காகத் தொலைபேசி ஆலோசனைச் சேவை ஒன்றைத் தொடங்கியபோது, அழைத்தவர்களில் பலர் கணவரை இழந்த பெண்கள். ஜப்பானின் போருக்குப் பிந்தைய பொருளாதார வளர்ச்சி எப்படிப்பட்ட உழைப்பின்மேல் எழுந்தது என்பதை நாட்டுக்குச் சொன்னவர்களில் பொருளியல் அறிஞர்களைவிட இக்குடும்பத்தினரே முன்னால் நின்றார்கள்.

அந்நாட்டின் சட்டத்தைத் திருப்பிய வழக்கு டென்ட்சு என்ற விளம்பர நிறுவனத்தைப் பற்றியது. ஜப்பானின் மிகப்பெரிய விளம்பர நிறுவனமான அதில் 1990 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்து, வானொலி விளம்பரப் பிரிவில் பணியாற்றிய இளைஞர் ஒருவர், 1991 ஆகஸ்டில் தமது 24ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். பகலில் வாடிக்கையாளர்களைச் சந்திப்பதும் கூட்டங்களில் கலந்துகொள்வதுமாகப் பொழுது போய்விட, திட்ட அறிக்கைகளை எழுதும் வேலை இரவுக்குத் தள்ளப்பட்டதால், அவர் நள்ளிரவுக்குப் பிறகும், பல நாள்களில் விடியும்வரையிலும் அலுவலகத்திலேயே இருந்தார். ஆனால் மிகைநேர வேலை எத்தனை மணி என்பதை ஊழியரே எழுதிக் கொடுக்கும் முறை நிலவிய அந்நிறுவனத்தில், உண்மையைவிடக் குறைத்து எழுதுவது எல்லோரும் அறிந்த வழக்கம். அவர் எழுதிக் கொடுத்த கணக்கும் உண்மையைவிட மிகக் குறைவாகவே இருந்தது.

இவ்வழக்கில் வெளிப்பட்ட விவரங்களுள் மிக முக்கியமானது, மேலதிகாரிகளின் நடத்தை. அந்த இளைஞர் விடியவிடிய வேலை செய்வதை அவர்கள் அறியாமல் இல்லை. அவரது உடல்நிலை மோசமாவதையும் கண்டிருந்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம், வீட்டுக்குப் போய்த் தூங்கும்படியும், வேலை முடியாவிட்டால் மறுநாள் காலையில் முன்னதாகவே வந்து முடிக்கும்படியும் சொன்னதுதான். வேலையின் அளவு குறையவில்லை, துணைக்கு ஆள் தரப்படவில்லை, முடிக்க வேண்டிய தேதியும் தள்ளிவைக்கப்படவில்லை. பார்ப்பதற்குக் கனிவாகத் தோன்றும் இந்த அறிவுரைதான் நிறுவனத்தின் கடமை எங்கே தவறியது என்பதைக் காட்டுகிறது. எட்டு மணி நேரத்தில் முடியாத வேலையைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்வது, அவ்வேலையின் பொறுப்பை மட்டுமல்லாமல், வேலை முடியாததன் குற்றவுணர்வையும் ஊழியரின் தலையிலேயே ஏற்றுவதாகும்.

பெற்றோர் தொடுத்த வழக்கில் 1996 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி ஏறத்தாழ 12.6 கோடி யென் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டில், உயர் நீதிமன்றம் பொறுப்பை உறுதிசெய்தாலும், இழப்பீட்டில் 30 விழுக்காட்டைக் குறைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களுள் இரண்டு கவனத்துக்குரியவை: இறந்தவர் எதையும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் மிகுந்த பொறுப்புணர்ச்சியும் உடையவராக இருந்தார் என்பது ஒன்று, உடன் வாழ்ந்த பெற்றோர் அவரது நிலையை அறிந்திருந்தும் தடுக்கவில்லை என்பது மற்றொன்று. ஊழியரைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தக் குணங்களுக்காக நிறுவனம் அவரைப் பாராட்டி எடுத்ததோ, அவர் இறந்த பிறகு அதே குணங்கள் அவருடைய குறைகளாகக் கணக்கில் எழுதப்பட்டன.

2000ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இந்தக் கழிவை ஏற்க மறுத்தது. வேலையைப் பகிர்ந்தளித்து மேற்பார்வையிடும் நிறுவனம், களைப்பும் மனச்சுமையும் அளவுக்கு மீறிக் குவிந்து ஊழியரின் உடல்நலமோ மனநலமோ கெடாதபடி பார்த்துக்கொள்ளும் கடமை உடையது என்று தீர்ப்பளித்த அந்நீதிமன்றம், மனிதர்களின் குணம் பலவிதமாக இருப்பது இயல்பு என்றும், அந்த இயல்பான வேறுபாட்டு எல்லைக்குள் ஒருவரின் குணம் இருக்கும்வரை அதைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கலாகாது என்றும் விளக்கியது. யாருக்கு எந்த வேலை என்பதை முடிவு செய்யும்போது அவரவர் குணத்தையும் கருதிப் பார்க்கக்கூடிய இடத்தில் நிறுவனம் இருக்கிறது என்பது அதன் வாதம். வளர்ந்த மகனின் வேலை நிலைமையை மாற்றும் இடத்தில் பெற்றோர் இல்லை என்பதும் அதன் தொடர்ச்சி. வழக்கு மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் ஏறத்தாழ 16.8 கோடி யென்னுக்குச் சமரசமாக முடிந்தது.

சட்டத்தின் பார்வையில் இது பெரிய திருப்பம். அதற்குச் சற்று முன்வரை தற்கொலை என்பது ஒருவர் தம் விருப்பத்தால் செய்யும் செயல் என்று கருதப்பட்டதால், தொழில் விபத்துக் காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பது மிக அரிதாக இருந்தது. 1999இல் ஜப்பானியத் தொழிலாளர் அமைச்சகம் வேலையால் வரும் மனநோய்களை மதிப்பிடும் அளவுகோல்களை வெளியிட்டபோது அந்நிலை மாறியது; வேலையால் வந்த மனநோய் ஒருவரின் தீர்மானிக்கும் ஆற்றலைக் குலைத்துவிடுகிறது, ஆகவே அந்த முடிவும் அந்நோயின் விளைவே என்ற நிலைப்பாடு ஏற்கப்பட்டது. ஊழியரின் பாதுகாப்பில் அக்கறை செலுத்தும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று 1975 முதல் நீதிமன்றங்கள் சொல்லிவந்ததும் 2007இல் இயற்றப்பட்ட தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தில் எழுத்து வடிவம் பெற்றது.

இங்கிலாந்தின் நீதிமன்றம் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. நார்தம்பர்லாந்து மாவட்ட மன்றத்தின் சமூகநலத் துறையில், குழந்தைகள் துன்புறுத்தப்படும் வழக்குகளைக் கவனித்துவந்த அதிகாரி ஒருவர், வழக்குகள் பெருகியும் ஆள்பலம் கூட்டப்படாத நிலையில் 1986இல் மனம் முறிந்து விடுப்பில் சென்றார்; உதவி தரப்படும் என்ற உறுதியுடன் 1987இல் திரும்பினார்; அந்த உதவி விரைவிலேயே விலக்கிக்கொள்ளப்பட, சில மாதங்களில் மறுபடி நோயுற்றுப் பணியையும் இழந்தார். முதல் முறிவை நிர்வாகம் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது, ஆனால் இரண்டாவது முறிவு எளிதில் எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது என்று 1994இல் தீர்ப்பு வந்தது. ‘முன்கூட்டி அறியக்கூடிய தீங்கு’ என்ற இந்த அளவுகோல் நியாயமானதுதான். ஆனால் ஒருவர் ஒருமுறை முறிந்த பிறகே நிறுவனத்தின் கண் திறக்கும் என்ற குறையும் அதற்குள் இருக்கிறது. இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, பிரிட்டனின் உடல்நல-பாதுகாப்பு நிர்வாக அமைப்பு 2004இல் மன அழுத்தத்தின் ஊற்றுகளாக ஆறு கூறுகளை வகுத்தது: வேலையின் அளவு, வேலையின்மேல் ஊழியருக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் ஆதரவு, உறவுகள், தம் பொறுப்பு எது என்பதில் தெளிவு, மாற்றங்கள் கையாளப்படும் விதம். இவற்றில் ஒன்றுகூட ஊழியரின் மனத்துக்குள் இருப்பதல்ல. ஆறும் வேலையின் அமைப்பில் இருப்பவை.

இப்பட்டியலுக்குப் பின்னால் நீண்ட ஆய்வு மரபு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கொள்கையின்படி, வேலை கடினமாக இருப்பது மட்டும் மனிதரை நோயாளியாக்குவதில்லை. வேலையின் நெருக்கடி மிகுதியாகவும், அதை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் சேர்க்கையே ஆபத்தானது. பெரிய பொறுப்பிலுள்ள அதிகாரியைவிட, அவர் இடும் கட்டளைகளுக்கிடையே அல்லாடும் கீழ்நிலை ஊழியரே அதிகம் நோய்ப்படுகிறார் என்பதை, லண்டன் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட் குழுவினர் நடத்திய நீண்டகால ஆய்வுகளும் இதய நோயை வைத்துக் காட்டின. ஜெர்மானிய ஆய்வாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் இன்னொரு கூறைச் சேர்த்தார்: போடும் உழைப்புக்கு ஏற்ற ஊதியமோ மதிப்போ வேலை உறுதியோ கிடைக்காதபோது அந்தச் சமனின்மையே உடலையும் மனத்தையும் அரிக்கிறது. பணிநேரத்தைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீடு, வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று கணக்கிட்டது.

அப்படியிருந்தும், ‘ஊழியர் மனநலம்’ என்றதும் நிறுவனங்கள் முதலில் நாடுவது யோகா வகுப்பு, தியானச் செயலி, ஆலோசகரின் தொலைபேசி எண், ஆண்டுக்கொரு மனநல வாரம் ஆகியவற்றையே. இவை தீங்கானவை அல்ல. நோயுற்றவருக்கு ஆலோசகர் தேவைப்படுவதும் உண்மை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் விடைகளை ஒப்பிட்டு, இத்தகைய தனிநபர் திட்டங்களில் பங்கேற்றவர்களின் மனநலம் பங்கேற்காதவர்களின் நிலையைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை என்று கண்டது. தன்னார்வத் தொண்டுக்கு வாய்ப்பளிக்கும் திட்டங்கள் மட்டுமே ஓரளவு விதிவிலக்கு. வேலை மாறாமல் இருக்க வேலை செய்பவரை மட்டும் தேற்ற முயலும் வழிமுறை, டென்ட்சு மேலதிகாரிகளின் அறிவுரைக்கு அதிகச் செலவில் செய்த மறுபதிப்பு என்றால் மிகையாகாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும், தனிநபர் பயிற்சிகளோடு நின்றுவிடாமல் பணிச்சுமை, பணிநேரம், முடிவெடுப்பதில் ஊழியரின் பங்கு ஆகியவற்றையே மாற்றியமைக்கும் நடவடிக்கைகளை வலியுறுத்துகின்றன.

தீர்ப்பு வந்துவிட்டால் வழக்கம் மாறிவிடும் என்ற நம்பிக்கையை டென்ட்சு நிறுவனமே பொய்யாக்கியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரலில் அங்கே வேலைக்குச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். நோய் தோன்றுவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவரது மிகைநேர வேலை ஏறத்தாழ 105 மணி என்று தொழிலாளர் அலுவலகம் 2016இல் கண்டறிந்து, அதைத் தொழில்வழி மரணமாக ஏற்றது. அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த கணக்கோ 70 மணிக்குச் சற்றுக் குறைவு. காரணம், தொழிற்சங்கத்துடன் செய்த உடன்படிக்கையில் 70 மணியே உச்சவரம்பாக இருந்தது. இறந்தவரின் வயது மட்டுமல்ல, நேரத்தைக் குறைத்து எழுத வைக்கும் முறையும் 1991இல் இருந்ததுபோலவே இருந்தது. உண்மையான நேரத்தைக் காட்டிக் கொடுத்தவை, முதல் வழக்கில் கட்டடக் காவல் பதிவேடுகள், இரண்டாவதில் நுழைவாயில் கருவியின் பதிவுகள்.

ஒரு நிறுவனத்தின் பண்பாடு சட்டத்தைவிட எவ்வளவு வலுவானது என்பதற்கு டென்ட்சுவின் பத்து கட்டளைகள் சான்று. அந்நிறுவனத்தின் நான்காவது தலைவர் யோஷிதா ஹிதேயோ 1951இல் எழுதிய அக்கட்டளைகளுள் ஒன்று, கையில் எடுத்த வேலையைக் கொல்லப்பட்டாலும் விடக் கூடாது என்ற பொருள்பட அமைந்தது. முதல் மரணத்துக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகும் அது ஊழியர் கையேட்டில் அச்சாகி வந்தது. இரண்டாவது மரணம் நாட்டை உலுக்கிய பின்னரே, 2016 அக்டோபரில் இரவு 10 மணிக்கு அலுவலக விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு வந்தது. கட்டளைகள் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டன. தலைவர் பதவி விலகினார். குற்றவியல் வழக்கை எழுத்துவழி விசாரணையுடன் முடித்துக்கொள்ள அரசு வழக்கறிஞர்கள் முனைந்தபோது, அது பொருத்தமற்றது என்று கூறித் திறந்த நீதிமன்றத்தில் விசாரித்த டோக்கியோ நீதிமன்றம், 2017 அக்டோபரில் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென். உலகின் பெரிய விளம்பர நிறுவனங்களுள் ஒன்றுக்கு அது அபராதமே அல்ல. எனினும் நிறுவனத்தின் புதிய தலைவர் கூண்டில் நின்று தலைகுனிந்த காட்சி, தொகையைவிடப் பெரிய தண்டனையாக ஜப்பானில் பார்க்கப்பட்டது.

இவ்விரு மரணங்களுக்கு இடையிலும் பின்னும் ஜப்பான் இயற்றிய சட்டங்கள் பல. இறந்தவர்களின் குடும்பங்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிப் போராடியதன் விளைவாக 2014இல் கரோஷி தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதில் தண்டனைப் பிரிவு இல்லை, ஆண்டறிக்கையும் ஆராய்ச்சியும் விழிப்புணர்வும் உண்டு. 2018இல் வந்த பணிமுறைச் சீர்திருத்தச் சட்டம், அதுவரை தொழிற்சங்க உடன்படிக்கை இருந்தால் நடைமுறையில் வரம்பின்றி நீட்டக்கூடியதாக இருந்த மிகைநேர வேலைக்கு முதன்முறையாகத் தண்டனையுடன் கூடிய உச்சவரம்பு விதித்தது: பொதுவாக மாதம் 45 மணி, நெருக்கடிக் காலங்களில் ஆண்டுக்கு 720 மணிக்கு மிகாமலும், எந்த ஒரு மாதத்திலும் 100 மணியை எட்டாமலும். இங்கே ஒரு கசப்பான பொருத்தம் உண்டு. மூளை, இதய நோய்களால் நேரும் மரணத்தை வேலையால் வந்ததென்று ஏற்க அரசு 2001 முதல் கையாளும் அளவுகோலும் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 100 மணி மிகைநேர வேலையே. மரணத்துக்குக் காரணமாகக்கூடியது என்று ஓர் அலுவலகம் வரைந்த கோடும், சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்று இன்னோர் அலுவலகம் வரைந்த கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டதை இறந்தவர்களின் குடும்பத்தார் அப்போதே எதிர்த்தார்கள்.

மனநலத்தை நேரடியாகத் தொடும் ஏற்பாடு, 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ‘மன அழுத்தப் பரிசோதனை’. 50 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் ஒவ்வோர் இடத்திலும், பெரும்பாலும் 57 கேள்விகள் கொண்ட படிவத்தை ஆண்டுக்கொரு முறை ஊழியர்களுக்குக் கொடுத்து விடை பெற வேண்டும். ஒருவரின் முடிவை அவரது ஒப்புதல் இல்லாமல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது இதன் சிறப்பான கூறு. மிகுந்த அழுத்தத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டால் மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு செய்து, அவர் கருத்துப்படி வேலையை மாற்றியமைக்க நிறுவனம் கடமைப்பட்டது. ஆனால் ஊழியர்களின் விடைகளைப் பிரிவுவாரியாகத் தொகுத்து, எந்தப் பிரிவில் அழுத்தம் மிகுதி, ஏன் என்று ஆராய்ந்து பணியிடத்தைத் திருத்தும் பகுதி கட்டாயமாக்கப்படவில்லை. நிறுவனம் அதற்கு முயல வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. 2025இல் இப்பரிசோதனையைச் சிறு நிறுவனங்களுக்கும் விரிவாக்கும் திருத்தம் நிறைவேறியது. அதே சமயம், 2024 நிதியாண்டில் வேலையால் வந்த மனநோய் என்று ஜப்பானிய அரசு ஏற்ற வழக்குகள் 1,055 ஆகி முதன்முறையாக ஆயிரத்தைத் தாண்டின. இந்த உயர்வில் ஒரு பகுதி, முன்பு மறைந்துகிடந்தவை வெளிவருவதாலும் இருக்கலாம். என்றாலும், மனிதரை அளப்பதைக் கட்டாயமாக்கி வேலையைத் திருத்துவதை விருப்பத்துக்கு விட்ட சட்டத்திடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பதும் கடினம்.

ஜப்பானிய வழக்குகளில் நிறுவனத்தின் குற்றம் கவனக்குறைவு. ஊழியரின் மனத்தை முறிப்பதே நிர்வாகத்தின் கருவியாக இருந்தால் என்ன என்ற கேள்வியை எதிர்கொண்டது பிரான்ஸ். அரசுத் துறையாக இருந்து தனியார்மயமான பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம், 2006 முதல் 2008 வரையான காலத்தில் ஏறத்தாழ 1,20,000 ஊழியர்களில் 22,000 பேரைக் குறைக்கவும் 10,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றவும் திட்டமிட்டது. ஊழியர்களில் பெரும்பாலோர் அரசுப் பணியாளர் என்ற தகுதி உடையவர்களாதலால் அவர்களை வேலைநீக்கம் செய்ய முடியாது. அவர்களாகவே போக வேண்டும். ஆகவே, தொழில்நுட்பப் பணியாளர்கள் விற்பனை மையங்களுக்கு மாற்றப்பட்டார்கள், ஊர்விட்டு ஊர் அனுப்பப்பட்டார்கள், வேலையே தரப்படாமல் உட்காரவைக்கப்பட்டார்கள். எத்தனை பேரை வெளியேறச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து மேலாளர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி அமைந்தது. தலைமை நிர்வாகி தீதியே லொம்பார், வாசல் வழியாகவோ சன்னல் வழியாகவோ இந்த வெளியேற்றத்தை நடத்திக் காட்டுவதாக 2006 அக்டோபரில் உயர் அலுவலர் கூட்டமொன்றில் பேசியது பின்னர் முக்கியச் சான்றாயிற்று.

2009இல் தொழிற்சங்கம் அளித்த புகாரிலிருந்து தொடங்கிய வழக்கில், நீதிமன்றம் 39 பேரின் நிலையை ஆராய்ந்தது. அவர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள், மற்றவர்கள் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள். 2002 முதல் பிரெஞ்சுச் சட்டத்தில் ‘மனவழித் துன்புறுத்தல்’ குற்றமாக இருந்தாலும், அது ஒரு மேலதிகாரி ஒரு குறிப்பிட்ட ஊழியரைத் துன்புறுத்துவதையே குறிப்பதாகப் புரிந்துகொள்ளப்பட்டு வந்தது. லொம்பார் போன்றவர்கள் இறந்தவர்களில் பெரும்பாலோரைப் பார்த்ததுகூட இல்லை. அவர்களின் வாதமும் அதுதான். 2019 டிசம்பர் 20 அன்று பாரிஸ் நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளி, ஒரு நிறுவனத்தின் கொள்கையே துன்புறுத்தலாக இருக்க முடியும் என்று கூறி, லொம்பாருக்கும் இரு உயர் அதிகாரிகளுக்கும் சிறைத்தண்டனையும், நிறுவனத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அபராதமான 75,000 யூரோவும் விதித்தது. 2022இல் மேல்முறையீட்டில் சிறைத்தண்டனை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டாலும், குற்றம் உறுதியானது. 2025 ஜனவரி 21 அன்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமும் ‘நிறுவன வழி மனவழித் துன்புறுத்தல்’ என்ற கருத்தை ஏற்றது. தண்டனை மிகச் சிறிது என்ற வருத்தம் குடும்பங்களுக்கு இருந்தது, நியாயமாகவே. ஆனால் ஆட்குறைப்புத் திட்டம் ஒன்றைத் தீட்டும் எந்தப் பிரெஞ்சு நிர்வாகியும், அத்திட்டம் ஊழியரின் மனத்தில் விளைவிக்கப்போவதைத் தாம் அறியவில்லை என்று இனிச் சொல்லித் தப்ப முடியாது.

இந்தியாவில் சட்டம் இன்னும் இந்த உரையாடலின் தொடக்கத்திலேயே நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயுற்றவரின் சிகிச்சை உரிமையைப் பேசுகிறது. உடல்நோய்க்குத் தருவதுபோல் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நோயை உண்டாக்கும் வேலையைப் பற்றி அது பேசவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றாலும், அதுவும் பாதிப்பு நேர்ந்த பிறகு தொடங்கும் பாதுகாப்பே. பல பழைய சட்டங்களை ஒன்றிணைத்து 2020இல் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், காயமோ தொழில்நோயோ விளைவிக்கும் அபாயங்கள் இல்லாத பணியிடத்தை அளிக்கும்படி நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கிறது. ஆனால் அதன் தொழில்நோய்ப் பட்டியலில் ஈய நச்சு உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, மனநோய் ஒன்றுகூட இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தனது தொழில்நோய்ப் பட்டியலில் மனநோய்களைச் சேர்த்தது 2010இல்.

பணிநேரத்தைக் காப்பதில் தொழிற்சங்கங்களுக்குள்ள பங்கைத் தமிழ்நாடு அண்மையில் நேரில் கண்டது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, கூட்டணிக் கட்சிகளும் எல்லா நிறச் சங்கங்களும் எதிர்த்ததால் அது சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் இம்மாநிலத்தின் சாதனையே. ஆயினும் சங்கம் இல்லாத மென்பொருள் நிறுவனங்களிலும், தணிக்கை அலுவலகங்களிலும், தனியார் வங்கிகளின் விற்பனைப் பிரிவுகளிலும் நாள் எப்போது முடிகிறது என்பதைச் சட்டப் புத்தகம் முடிவு செய்வதில்லை. கைப்பேசியில் மேலாளரின் கடைசிச் செய்தி வரும் நேரமே முடிவு செய்கிறது.

இந்நிலையில் இந்தியாவுக்கு உடனடியாகத் தேவையானவை பெரிய தத்துவங்கள் அல்ல. ஊழியர் எழுதித் தரும் கணக்கை நம்பாமல், கணினியும் வாயிற்கதவும் காட்டும் உண்மையான பணிநேரத்தைப் பதிந்து ஆய்வாளரிடம் காட்டும் கட்டாயம். தொழில்நோய்ப் பட்டியலில் மனநோய்களுக்கு இடம். ஒரே பிரிவில் அடுத்தடுத்து ஊழியர்கள் நோயுற்றாலோ விலகினாலோ அப்பிரிவின் வேலை அமைப்பை விசாரிக்கும் கடமை: இம்மூன்றும் அமைந்தால் மற்றவை நீதிமன்றங்களின் வழியே வளரும். இவை சட்டமாகும்வரை ஊழியர்கள் தங்களால் இயன்ற ஒன்றைச் செய்துகொள்ளலாம்: தாம் உண்மையில் வேலைக்கு வந்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் நாள்தோறும் தனியே குறித்துவைத்துக்கொள்ளட்டும், வேலை அளவுக்கு மீறியிருப்பதை வாய்மொழியாகச் சொல்வதோடு விடாமல் எழுத்தில் தெரிவிக்கட்டும். நிறுவனத்துக்குத் தெரியாது என்ற வாதத்தை உடைக்க அந்த எழுத்தே உதவும். மனம் தளர்ந்து உயிரையே வெறுக்கும் நிலை வந்தவர்கள் எந்த வழக்குக்கும் காத்திராமல், ஒன்றிய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசி அணுகலாம்.